துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே

ஜூன் 9, திங்கள்

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் விழுந்துவிட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததுவரை நினைவிருக்கிறது. கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். வலது கையில் ஒரு சாவிக்கொத்து. ஃபோர்மேன் மாரீஸ்வரன் திணித்திருக்கிறார். நல்ல மனிதர், பயந்துபோயிருந்தார். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பதினைந்து வயதிலிருந்து என் கையில் இரும்பு வைக்கிறார்கள். சாவி, பூட்டு, அரிவாள், ஒரு கல்யாண வீட்டில் தோசைக்கரண்டி.

இந்த முறை ஒரு வித்தியாசம். வழக்கமாக வலிப்பு மாத்திரை எழுதித்தரும் டாக்டர் ஊரில் இல்லை. அவர் இடத்தில் இருந்த சின்னப் பையன் போன்ற டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். "நீங்க மதுரைக்குப் போங்கம்மா, திங்கட்கிழமையே போங்க" என்றார்.

இன்று போனேன். இதய டாக்டர் சுகந்தி, நாற்பது வயதிருக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். முப்பத்தெட்டு வருடமாக வலிப்பு மாத்திரை, நான்கு நாளாகச் சளிக்கு ஒன்று என்றேன். சளி மாத்திரையின் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத இன்னையோட நிறுத்துங்க" என்றார். "ஏன்?" என்றதற்கு, "அடுத்த தடவ சொல்றேன்" என்றார். ஆராய்ச்சி ஒன்றுக்காக ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து கேட்டார்கள், போட்டேன்.

இடது காறையெலும்புக்குக் கீழே ஒரு பட்டை ஒட்டியிருக்கிறார்கள். பதினான்கு நாள் என் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருக்குமாம். கூடவே நான் நாளும் நேரமும் போட்டு எழுதிவர வேண்டும். எப்போது படபடத்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று. அதற்காகத்தான் இந்தப் புத்தகம். எங்கள் அச்சகத்தில் மிஞ்சிய போன வருடத்து டைரி. கிழமைகளை நானே திருத்திக்கொள்கிறேன். திருத்துவதுதானே என் தொழில். முப்பது வருடமாக நாள்காட்டிகளுக்குப் பிழை பார்க்கிறேன்.

படிவத்தில் அப்பா, அம்மா இருவருக்கும் நேரே 'காலமானார்' என்று எழுதினேன். உடன்பிறந்தவர்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலை 6.10: மாடிப்படி ஏறுகையில் படபடப்பு. அரை நிமிடம். மற்றபடி ஒன்றுமில்லை.

ஜூன் 12, வியாழன்

பட்டையைச் சுற்றி அரிக்கிறது. குளிக்கும்போது நனையக்கூடாது என்று பாலித்தீன் உறையை மடித்து வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு கையால் குளிப்பது எப்படி என்று இந்த வயதில் கற்கிறேன். முதுகுக்குத் தண்ணீர் எட்டவில்லை.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியிடுவார்கள். அதனால் இப்போது வேலை நெருக்கடி. ஆனாலும் மாரீஸ்வரன் என் மேசையை மணிக்குத் தூரமாக மாற்றிப் போட்டுவிட்டார். புது இடத்தில் பக்கத்தில் யாருமில்லை. எதிரே சுவர். நல்லதுதான், கவனம் சிதறாது.

மதியம் 3: 'சங்கடஹர' என்பதில் 'ட'வைக் காணோம். படபடப்பு இல்லை.

டாக்டர் சுகந்தி திங்களன்று கேட்டதை யோசித்துப் பார்த்தேன். விழும் முன் ஏதாவது சத்தம் கேட்டதா என்று. முதல் முறை பள்ளிக்கூட மணி. இரண்டாவது, பின்னாலிருந்து ஒரு லாரியின் ஹாரன். மூன்றாவது நினைவில்லை. நான்காவது, சித்தி மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம். இதை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாவு அரைத்தேன். ஒரு ஆளுக்கு அரைத்தாலும் கிரைண்டரைக் கழுவுகிற வேலை அதேதான்.

இன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை என்பது சாயங்காலம் பால்காரர் வந்தபோது தெரிந்தது. "அரை லிட்டர் போதும்" என்றேன். குரல் கரகரத்தது.

பட்டை கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் பழையதெல்லாம் மேலே வருகிறது. எழுதிவைக்கிறேன். டாக்டருக்கு வேண்டிய வரிகளை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதிக் கொடுத்துவிடுவேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

இருபத்து மூன்று வயதில் எனக்கு ஒரு கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியர். என் வலிப்பை அவர்களிடம் மறைத்திருந்தார்கள். அண்ணன் மட்டும் "சொல்லிரலாம்மா, பின்னால தெரிஞ்சா அசிங்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் மாமா ஒரு மொட்டைக் கடுதாசியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத் தரையில் எறிந்தார். பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. இடக்கையால் எழுதியதுபோல் கோணல் எழுத்து. ஆனால் ஒரு பிழை இல்லை. ஒற்றுகள்கூட இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அண்ணன்தான் எழுதினான் என்று அம்மா சொன்னாள். எல்லோரும் சொன்னார்கள்.

அதோடு அந்தச் சம்பந்தம் போனது. பிறகு வேறெதுவும் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இரவு தூக்கம் சரியில்லை. படபடப்பு என்று எழுத முடியாது. வேறு மாதிரி.

ஜூன் 23, திங்கள்

மதுரை. பட்டையைக் கழற்றினார்கள். இருந்த இடம் வெளுத்துச் சதுரமாக இருக்கிறது.

டாக்டர் சுகந்தி திரையை என் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு வலிப்பு இருக்குற மாதிரி எனக்குத் தெரியல. இதயம் ஒரு தடவ துடிச்ச பிறகு அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் பண்ணிக்க ஒரு நேரம் எடுத்துக்கும். உங்களுக்கு அந்த நேரம் நீளமா இருக்கு. அது முடியறதுக்குள்ள ஒரு அதிர்ச்சி, ஒரு சத்தம் வந்துச்சுன்னா தாளம் தப்பிரும். மூளைக்கு ரத்தம் போகாது. விழுந்துருவீங்க. கை கால் இழுக்கும். பாக்குறவங்க வலிப்புன்னுதான் நினைப்பாங்க."

"அப்ப இத்தன வருஷம் சாப்பிட்ட மாத்திரை?"

"அத திடீர்னு நிறுத்தக்கூடாது. நரம்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட அனுப்புறேன், கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க. இதயத்துக்கு நான் தனியா ஒண்ணு எழுதித் தர்றேன்."

சளி மாத்திரைக்கும் விளக்கம் கிடைத்தது. அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் மாத்திரைதான். ஆனால் அந்த இடைவெளியை இன்னும் கொஞ்சம் நீட்டும். எனக்கு அந்தக் கொஞ்சமும் தாங்காது. நான் தொடக்கூடாத மாத்திரைகளின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு இருக்கிறது. அதில் இரண்டு எழுத்துப்பிழைகள். சொல்லவில்லை.

"என் அப்பா, அம்மா யாரும் விழுந்ததில்லையே" என்றேன்.

"அவசியமில்ல. சின்ன வயசுல ஆணுக்கும் பொண்ணுக்கும் இதுல பெரிய வித்தியாசம் இருக்காது. வயசுக்கு வந்த பிறகு பையன்களுக்கு அந்த நேரம் குறைஞ்சிரும். பொண்ணுங்களுக்கு அப்படிக் குறையாது. அதனால ஒரே வீட்டுல ஒரே ரத்தத்தோட பிறந்தாலும் தங்கச்சி விழுவா, அண்ணன் நல்லா இருப்பான். வயசாக ஆக ஆண்களுக்கும் அது நீள ஆரம்பிக்கும்."

ஏன் அண்ணன் தங்கை என்று உதாரணம் சொன்னார் என்று தெரியவில்லை.

"உங்க ரத்த உறவுல சின்னப் பொண்ணுங்க யாராச்சும் இருக்காங்களா? பத்துலருந்து இருபது வயசுக்குள்ள? இருந்தா நான் பாக்கணும். இது சும்மா மயக்கம் இல்லம்மா. சில பேர் எந்திரிக்கிறதே இல்ல."

"யாருமில்ல டாக்டர்" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

பட்டை போய்விட்டது. எழுதுவதை நிறுத்தலாம். ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். பெயர் தவமணி. என்னைவிட மூன்று வயது மூத்தவன். அருப்புக்கோட்டையில் இருக்கிறான். அரசு பஸ்ஸில் கண்டக்டர். அருப்புக்கோட்டைக்கும் நான் இருக்கும் சிவகாசிக்கும் இடையே தினமும் ஓடுகிறான். அதனால் நான் அந்தப் பக்கம் பஸ் ஏறுவதில்லை. எங்கே போவதானாலும் ரயில். கடைசியாக அம்மா இறந்த அன்று பார்த்தேன். பதினான்கு வருடம்.

அவனுக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் ஆனது. தங்கை வாழ்க்கையைக் கெடுத்தவன் என்ற பெயருக்குப் பெண் கொடுக்க யார் வருவார்கள்? மனைவி ராஜகனி. ஒரே மகள், மிர்துளா. அம்மாவின் சாவு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையாக என் மடியில் வந்து உட்கார்ந்தாள். யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது அவளுக்குப் பதினாறு.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஒன்பது மணியிலிருந்து பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதாக வந்த அருப்புக்கோட்டை பஸ்ஸில் அவன் இருந்தான். முன்பல் ஒன்று இல்லை. முடி முழுக்க நரைத்திருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

வரிசையாக டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தான். என்னிடம் வந்தபோது குனிந்து மெஷினையே பார்த்தபடி, "எங்கம்மா?" என்றான்.

"அருப்புக்கோட்டை."

நிமிர்ந்தான். டிக்கெட்டை நீட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டான். விருதுநகர் தாண்டிக் கூட்டம் குறைந்த பிறகு வந்து, நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் மிர்துளாவை ஒருமுறை மதுரைக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றான், மிக வேகமாக.

பஸ் பாலவநத்தம் நிறுத்தத்தில் நின்றது. ஆட்களை ஏற்றி விசில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"மார்ச்சுல ரெண்டு தடவ விழுந்துட்டா. பரீட்சைக்குப் படிக்க அலாரம் வச்சு எந்திரிப்பா. அது அடிச்சப்ப. வலிப்புன்னு மாத்திரை குடுத்துருக்காங்க. வெளிய யாருக்கும் தெரியாது."

"அது வலிப்பு இல்லண்ணே. இன்னொரு தடவ விழுந்தா எந்திரிப்பாளான்னு தெரியாது."

"நான் சொன்னா வீட்டுல எடுபடாது புஷ்பம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்னு நானும் சொன்னேன். 'தங்கச்சி சங்கதிய ஊருக்குச் சொல்லி அவ வாழ்க்கையக் கெடுத்தீக, மகளுக்கும் அதப் பண்ணிராதீக'ன்னு ராஜகனி சொல்லிட்டா. அதுக்கு மேல நான் என்ன பேச?" டிக்கெட் மெஷினின் வாரைச் சரிசெய்துகொண்டான். "நான் அந்தக் கடுதாசிய எழுதல. எழுதலன்னு எத்தன பேருகிட்ட சொல்றது? சொல்றத நிறுத்தி வருஷமாச்சு."

அருப்புக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மார்கழி மாதப் பக்கங்கள் பார்த்தேன். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. மாரீஸ்வரன் ஆறு எடுத்துக் காட்டினார். "என்னம்மா, நீங்களா?" என்றார்.

ஜூலை 2, புதன்

அண்ணன் பத்தாம் வகுப்பில் தமிழில் இரண்டு முறை தோற்றவன். இன்றைக்கும் அவனுக்கு எந்த 'ற', எந்த 'ர' என்று தெரியாது. அந்தக் கடிதத்தை வீட்டில் எத்தனையோ பேர் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஜூலை 3, வியாழன்

கடிதத்தை எழுதியது நான்.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் கை இருக்கிறது, வீடு இருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மாதம் சித்தி மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கியபோது விழுந்தேன். கண் திறந்தபோது சேலை விலகிக் கிடந்தது. நனைந்திருந்தது. அத்தனை பேரும் மணமக்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கல்யாணத்திலும் கெட்டிமேளம் முழங்கும் என்று அன்றிலிருந்து அது ஒன்றே என் நினைப்பு. கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். வெட்கப்படுகிறேன் என்று சிரித்தாள். இன்னொருமுறை சொன்னேன், அடித்தாள். பிறகு ஒரு இன்லண்ட் கடிதம் வாங்கி, இடக்கையால் எழுதி, விருதுநகர் ரயிலடித் தபால்பெட்டியில் போட்டேன்.

அண்ணன் மேல் பழி விழும் என்று நினைக்கவில்லை. விழுந்த அன்றே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் போனது. பிறகு சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பிறகு, யோசித்துப் பார்த்தால், அவன்தான் எழுதினான் என்று நானே பாதி நம்பத் தொடங்கிவிட்டேன். அவன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் நிஜமாகவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருடம் ஓட்டிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

அருப்புக்கோட்டை. அவனுக்கு இன்று விடுப்பு என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

கதவைத் திறந்தது அண்ணன் மனைவி ராஜகனி. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணன் பின்னால் வந்து, "புஷ்பம்" என்றான். "வாங்க மதினி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். மிர்துளா கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் நெற்றி. அப்படியே என் நெற்றி.

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினேன். முதலில் நோயைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ராஜகனி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஒங்களுக்கு வந்தது எம்மகளுக்கு எதுக்கு வரணும்? அவ மாத்திரை சாப்பிடுறா, நல்லா இருக்கா. இத மதுரை வரைக்கும் கொண்டுபோயி, நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா யாரு வந்து கட்டுவா? இந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தரு சொன்னது போதும்."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதினி, அந்தக் கடுதாசிய எழுதுனது நான்."

ராஜகனிக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கடுதாசி?"

"என் கல்யாணத்த நிறுத்துன கடுதாசி. அண்ணன் எழுதல. நான்தான் எழுதுனேன். கல்யாண மேடையில விழுந்துருவேன்னு பயந்து எழுதுனேன். பழி அவன் மேல விழுந்துச்சு. பேசாம இருந்துட்டேன்."

அடுப்பில் ஏதோ கொதித்து வழியும் சத்தம் கேட்டது. யாரும் எழவில்லை. ராஜகனி என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார்.

"நான் எத்தன தடவ ஒங்களச் சொல்லிக் காட்டிருக்கேன்" என்றார். "சோத்துல கை வச்சிருக்கும்போது சொல்லிருக்கேன். ஒங்க ஆத்தா செத்த வீட்டுல வச்சுச் சொல்லிருக்கேன்."

அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை. போகும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

அப்போது மிர்துளா கேட்டாள். "அத்தை, உங்களுக்கும் விழுறதுக்கு முன்னால சத்தம்தான் கேட்டுச்சா?"

"ஆமாடா."

"நான் அலாரம்னு சொன்னேன். யாரும் எழுதிக்கவே இல்ல" என்றாள்.

ராஜகனி எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அந்த டாக்டர் என்னைக்கெல்லாம் இருப்பாக?" என்றார்.

ஜூலை 7, திங்கள்

அச்சகத்தில் எல்லோரையும் வைத்துச் சொன்னேன். எனக்கு வலிப்பு இல்லை, இதயம். விழுந்தால் படுக்கவைத்து மூச்சு இருக்கிறதா பாருங்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாரீஸ்வரன் மிகக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப சாவி வேண்டாமாம்மா?" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு அவரவர் மிஷினுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணனிடமிருந்து ஒன்றுமில்லை.

ஜூலை 11, வெள்ளி

மதுரையில் மூவரும் வந்திருந்தார்கள். மிர்துளாவுக்கு இ.சி.ஜி. எடுத்த தாளை டாக்டர் சுகந்தி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கே தெரிந்தது. அவளுடைய இடைவெளி என்னுடையதைவிட நீளம்.

"நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்று டாக்டர் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. ராஜகனி அழுதார். மிர்துளா அழவில்லை. கபடி விளையாடலாமா என்று கேட்டாள். இப்போதைக்கு வேண்டாம் என்றதும் முகம் வாடிப்போனது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, அலாரம் கூடாது, யாராவது தொட்டு எழுப்ப வேண்டும். "நான் எழுப்புறேன்" என்றான் அண்ணன். அங்கே அவன் பேசியது அது ஒன்றுதான்.

என்னிடம் டாக்டர், "யாருமில்லன்னு சொன்னீங்களே" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை.

அண்ணனுக்கும் இ.சி.ஜி. எடுத்தார்கள். அவனுடைய இடைவெளி எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார் டாக்டர். ராஜகனியைத் தவிர அவர்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். காத்திருக்கும் இடத்தில் அண்ணன் என்னிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். எதிரே இருந்த தண்ணீர் கேனைப் பார்த்தபடி சொன்னான்.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம் புஷ்பம். அம்மா இருக்கும்போது. நான் வாங்கிட்டுப் போன பழத்த ஒரு நாள் தொட்டதில்ல அது."



அவர்கள் பஸ்ஸில் போனார்கள். நான் ரயிலில் வந்தேன்.

ஜூலை 19, சனி

மாத்திரை பழகிவிட்டது. படியேறினால் கால் கனக்கிறது. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பூஜை போட்டு ஆல்பத்தை வெளியிட்டார்கள். அட்டைகளில் மயில், முருகன், ஊட்டி, கைக்குழந்தை. முதலாளி எனக்கு ஒரு சேலை கொடுத்தார். ஆல்பத்தை நேரத்துக்குப் பிழை பார்த்து முடித்ததற்காம். எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தது. பரிமாறியவர், "ஆள் வருதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இலையை எடுத்துவிட்டார்.

மிர்துளா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். 'அத்தை மாத்திரை சாப்டிங்களா'. 'சாப்ட்டீங்களா' என்று திருத்த விரல் போனது. 'சாப்பிட்டேன். நீ?' என்று மட்டும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ரத்த முடிவுகள் வந்துவிட்டன. நான் மட்டும் போயிருந்தேன். அண்ணன் சனிக்கிழமையே வந்து வாங்கிப் போய்விட்டானாம்.

ஒரே ஒரு எழுத்து தப்பாக இருக்கும், அதைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்பாவிடமிருந்தா, அம்மாவிடமிருந்தா என்று கேட்கக்கூட எண்ணியிருந்தேன்.

"அப்படிப் பெரிய கோளாறு ஒண்ணும் உங்க மூணு பேர்கிட்டயும் கிடைக்கல" என்றார் டாக்டர். "சின்னச் சின்ன வேறுபாடுகள்தான். ஊர்ல பாதிப் பேர்கிட்ட இருக்குறதுதான். ஒவ்வொண்ணும் அந்த இடைவெளிய இம்மியளவு நீட்டும், இல்ல குறைக்கும். நீட்டுறது பூரா உங்ககிட்ட வந்து சேர்ந்துருக்கு."

"பிழைன்னு சொல்ல முடியாதா?"

"நீங்கதான் தமிழ் பாக்குறவங்களாச்சே. 'கருப்பு'ன்னும் எழுதுறாங்க, 'கறுப்பு'ன்னும் எழுதுறாங்க. ரெண்டுல எது பிழை?"

"ரெண்டும் சரிதான்."

"அதேதான். அப்பாவுக்கும் ஒண்ணும் இல்லாம இருந்துருக்கும், அம்மாவுக்கும் இல்லாம இருந்துருக்கும். ரெண்டு பேரும் குடுத்தது உங்ககிட்ட சேர்ந்துச்சு. அது மேல பொண்ணுங்கறது சேர்ந்துச்சு. அது மேல ஒரு சத்தம், ஒரு மாத்திரை. எந்த ஒண்ணும் தனியா உங்களத் தள்ளல."

"என் அண்ணனுக்கு?"

"அவர்கிட்டயே சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்லலாம்னாரு. கிட்டத்தட்ட உங்களுக்கு இருக்குறதெல்லாம் அவருக்கும் இருக்கு. ஆணா வளர்ந்ததால இத்தன வருஷம் தெரியல. இப்ப வயசாகுது, கொஞ்சம் கொஞ்சமா நீளுது. அவரும் கவனமா இருக்கணும்."

நான் ஆணாகப் பிறந்திருந்தால் விழுந்திருக்க மாட்டேனா என்று கேட்டேன். "ஒருவேளை. உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

ரயிலில் எதிரே ஒரு புது ஜோடி உட்கார்ந்திருந்தது. விருதுநகர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் யாராவது ஒருவர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்து வாழ்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்கு அண்ணன் போன் செய்தான். துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை சாப்பிடுவதால் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைந்திருக்கிறது. ஆனாலும் அவன் பெயரைத் திரையில் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். எண்ணை மிர்துளாதான் பதிந்து கொடுத்திருந்தாள்.

போனை எடுத்தேன். பின்னால் பஸ் இன்ஜின் சத்தம்.

"ட்ரிப்புல இருக்கியாண்ணே?"

"இல்ல, ஷெட்டுல நிக்கேன்." பிறகு, "நேத்து பாலவநத்தத்துல டிக்கெட் குடுத்துட்டு நின்னப்ப லேசாக் கிறுகிறுன்னு வந்துச்சு. கம்பியப் பிடிச்சுக்கிட்டேன். சரியாயிருச்சு" என்றான்.

"டாக்டருக்குச் சொன்னியா?"

"சொல்லிட்டேன். செவ்வாக்கிழமை வரச் சொல்லிருக்காக. அதுவரைக்கும் லீவு போடச் சொல்லிருக்காக. எழுதிக் குடுக்கத்தான் வந்தேன்." தொண்டையைச் செருமினான். "புஷ்பம், விழுறப்ப எப்படி இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. "என்னது?"

"நீ எத்தன தடவ விழுந்துருக்க. உனக்கு எப்படி இருக்கும்னு கேக்கேன்."

முப்பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"முதல்ல சத்தமெல்லாம் தூரமாப் போயிரும். வலி இருக்காது. பயப்படக்கூட நேரம் இருக்காது. அதுக்குப் பிறகு ஒண்ணுமில்ல. தூக்கம் மாதிரிகூட இல்ல, ஒண்ணுமே இல்ல. திரும்பி வர்றதுதான் கஷ்டம். கண்ணத் திறந்தா சுத்தி நிறையக் காலு தெரியும். யாரு யாருன்னு தெரியாது. நான் யாருன்னே கொஞ்ச நேரம் தெரியாது. அந்த நேரத்துல யாராவது பேரச் சொல்லிக் கூப்பிட்டா நல்லா இருக்கும்னு நினைச்சுக்குவேன். யாரும் கூப்பிட மாட்டாங்க. பாத்துக்கிட்டுத்தான் நிப்பாங்க."

வேறு யாரோ அவனை "தவமணிண்ணே" என்று தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள். "வாரேன்" என்று அவர்களிடம் சொன்னான். பிறகு என்னிடம்,

"நான் கூப்பிடுவேனே புஷ்பம்" என்றான். "நீ விழுந்தப்பல்லாம், நான் இருந்த தடவல்லாம். உந்தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டுக் கத்திக் கத்திக் கூப்பிடுவேனே. நீ கண்ணத் தொறக்கப் போறேன்னு தெரிஞ்சதும், நான் அழுதுருக்கது தெரியக்கூடாதுன்னு எந்திரிச்சுப் போயிருவேன். உனக்குக் கேக்காதா?"

"கேக்காதுண்ணே" என்றேன்.